இறங்காமல் போன வாத்தியார்

அன்று அப்பா சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

இதில் என்ன இருக்கிறது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் அது பெரிய சங்கதி. அப்பா வெளியூர் போய்த் திரும்பினால் முதலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். பழைய வேட்டித் துண்டால் மட்கார்டைத் துடைப்பார், ஹாண்டில்பாரைத் துடைப்பார், மணிக் கிண்ணத்தை மட்டும் தனியாக ஒரு முறை துடைப்பார். அதற்கப்புறம்தான் கால் கழுவுவதும் தண்ணீர் கேட்பதும். “கட்டுனவளுக்கு இல்லாத சீராட்டு” என்று ஆத்தா அடுப்படியிலிருந்து முணுமுணுப்பாள்.

அன்று துடைக்கவில்லை. சுவரில் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்: “அந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம். நாளைக்கே ஆள்விட்டுச் சொல்லிரு.”

அவர் மேலெல்லாம் கருவாட்டு வாடை அடித்தது.

நான் உள்ளே கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தம் என்றால் என் சம்பந்தம். தை பிறந்ததும் பாக்கு வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. கொள்ளு கருகுகிற வாடை வந்தும் எனக்குக் கிளற ஓடவில்லை.

“என்னங்க ஆச்சு? நகைநட்டுல ஏதும் பேச்சு வந்துச்சா?” என்றாள் ஆத்தா.

“நகையுமில்லே, நட்டுமில்லே. ரோட்டுல என்னையப் பார்த்தும் எறங்காம போயிட்டான்” என்றார் அப்பா.

கதவடைத்த ஊர்கள்

அப்பாவுக்கு அம்மை குத்துகிற வேலை. சமஸ்தானத்து உத்தியோகம், காக்கிச் சட்டை, சொந்தச் சைக்கிள். குடுமியான்மலையில் எங்கள் வீடு. அங்கிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கிளம்புவார். அம்மைப்பால் இருக்கிற சின்னப் பெட்டியை ஈரத்துணியில் சுற்றிக் கேரியரில் கட்டியிருப்பார். வெயில் பட்டால் மருந்து கெட்டுப்போகும் என்பதால், வழியில் தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் துணியை நனைத்துக்கொண்டே போவார்.

உத்தியோகம் பெரிதுதான். ஆனால் அவரைக் கண்டால் யாருக்கும் ஆகாது. ஊர் எல்லையில் அவர் மணி கேட்டதுமே பிள்ளைகளைத் தூக்கி நெல் கொட்டுகிற குதிருக்குள் ஒளித்துவைத்துக் கதவைச் சாத்துவார்கள். வீட்டில் பிள்ளையே இல்லை என்று சத்தியம் செய்கிற ஆத்தாக்காரிக்குப் பின்னால் குதிர் தும்மும். அப்பா காத்திருந்து, கெஞ்சி, மிரட்டி, குத்திவிட்டுத்தான் வருவார். ஒரு வாய் மோர் கொடுக்க ஆள் இருக்காது.

அதனால் அவருக்கு மரியாதை என்று ஒன்று கிடைத்தது ரோட்டில்தான். சைக்கிள் விடுகிற இன்னொருத்தர் கண்ணுக்கு அவர் அம்மை குத்துகிறவர் இல்லை, சைக்கிள்காரர். எதிரே வருகிறவர் மணியை ஒரு தட்டுத் தட்டுவார், அப்பா ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஒரு தட்டுக்காகவே அவர் அவ்வளவு தூரம் மிதித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ரோட்டு மரியாதை

அந்த நாளில் எங்கள் பக்கத்துச் சரளை ரோட்டில் சைக்கிள் அபூர்வம். கட்டை வண்டி போகும், ஆடு போகும், நேரத்துக்கு வராத கரி பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு போகும். அதனால் சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள், முகம் தெரியாவிட்டாலும் தெரிந்தவர்கள்தான்.

அவர்களுக்குள்ளே சில வழக்கம் இருந்தது. மேட்டில் ஒருத்தர் இறங்கி உருட்டிக்கொண்டு போனால், பின்னால் வருகிறவர் தெம்பு இருந்தாலும் அவரைத் தாண்டி மிதித்துப் போகமாட்டார். அவரும் இறங்கி, மேடு முடியும்வரை கூட நடப்பார். வண்டிக்காரர் தூங்கிக்கொண்டு போனால் மணி அடித்து மாட்டை மிரட்டக் கூடாது. குரல் கொடுத்துத்தான் தாண்டவேண்டும். பொழுது சாய்ந்த நேரத்தில் விளக்கு இல்லாதவர் எதிர்ப்பட்டால் விளக்கு உள்ளவர் அவரை ஊர்வரை கொண்டுபோய் விடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ரோட்டோரம் ஒரு சைக்கிள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தால், எப்பேர்ப்பட்ட அவசரமானாலும் இறங்க வேண்டும். “என்னங்க, பஞ்சரா?” என்று கேட்கவேண்டும். கையில் பம்பு இல்லாவிட்டாலும், ஒட்டுப்போடத் தெரியாவிட்டாலும், இறங்கிக் கேட்டே ஆகவேண்டும். யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. டயர், டியூப் கண்ணால் பார்க்கக் கிடைக்காது. ஒட்டின்மேல் ஒட்டு, அதன்மேல் இன்னொரு ஒட்டு. டியூபை வீசிவிட்டு டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டியவரையும் பார்த்திருக்கிறேன். கவிழ்ந்த சைக்கிளைப் பார்த்து ஒருத்தர் நிற்காமல் போனால் ரோட்டில் கிடக்கிறவர் கதி அதோகதிதான்.

இறங்குவது என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில் சில தெருக்களில் சிலபேர் சைக்கிளில் ஏறிப் போகவே கூடாது என்று வைத்திருந்தார்கள். சாதியைச் சொல்லி இறக்கிவிட்டு உருட்டச் சொல்வார்கள். அதை மரியாதை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஒருமுறை அப்பா கண்ணெதிரிலேயே அப்படி ஒருத்தரை இறக்கினார்கள். அப்பா தானும் இறங்கி, “வாங்க, நானும் நடந்தே வாரேன்” என்று அந்தத் தெரு முழுக்க அவரோடு உருட்டிக்கொண்டு நடந்தார். அந்த ஊரில் அதற்கப்புறம் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் சுட்டெரிக்கிற வெயிலில், கண்மாய்க் கரையில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, மருந்துப் பெட்டியைத் தன் நிழலில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பம்பில் வாசர் போய்விட்டது. அப்போது எதிரே வருகிறார் வருங்கால மாப்பிள்ளை.

“மணிய அடிச்சான். விடாம அடிச்சான். வாயில என்னமோ கத்துனான். காத்துல ஒண்ணும் கேக்கலே. சர்ருன்னு போயிட்டான்” என்றார் அப்பா. “கவுந்து கெடக்குற சைக்கிளுக்கு எறங்காதவன், நாளைக்கு எம் மகளுக்கு ஒண்ணுன்னா எறங்குவானா?”

 

உரலடி

மாப்பிள்ளையின் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதற்காக இப்போது சொல்லப் போவதுமில்லை. வாத்தியார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொன்னமராவதிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடத்து வேலை. எங்களுக்குத் தூரத்து உறவு.

பெண் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கதவிடுக்கில் பார்த்தேன்.  இந்த மனிதரை எனக்கு முன்னமே தெரியும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டோரப் புளியமரத்தடியில் ஓர் ஓட்டை உரல் கிடந்தது. யார் போட்டது என்று தெரியாது. காலையில் வாசல் தெளிக்கும்போது ஒருத்தர் நெட்டையான சைக்கிளில் வந்து அந்த உரலடியில் நிற்பார். குள்ளமான ஆள், அடர்த்தியான புருவம். உரல்மேல் ஒரு காலை ஊன்றி இறங்குவார், மரத்தடிப் பானையில் தண்ணீர் குடிப்பார், எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை, மறுபடி உரல்மேல் ஏறிச் சைக்கிளில் உட்கார்ந்து போய்விடுவார். மழை நாளிலும் நிற்பார். தாகமே எடுக்காத மார்கழிக் குளிரிலும் நின்று தண்ணீர் குடிப்பார்.

தாகமில்லாமல் ஒருத்தர் நிற்கிறார் என்றால் வேறு எதற்கு? என்னைப் பார்க்கத்தான். அந்த வயதில் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. அதனால் காலையில் வாசல் தெளிக்கிற வேலையைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்த மனிதரே வேட்டியில் செயின் கறையோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

இப்போது அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள்விட்டும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையிலும் அவர் உரலடியில் நின்றார். எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. நான் வாளியோடு உள்ளே வந்து அழுதேன். ரோஷக்காரிதான் நான், ஆனாலும் அழுதேன்.

கருவாட்டுக் கூடை

அப்பாவை அன்று வீடு சேர்த்தவர் ஒரு ராவுத்தர். கட்டுமாவடிக் கருவாட்டைப் புதுக்கோட்டையில் வாங்கி, கூடையில் கட்டிச் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டு வருவார். அவர் மணி அடிக்க வேண்டியதே இல்லை; அவருக்கு முன்னால் வாடை வந்துவிடும். அதனாலேயே அவர் ஒரு நாகரிகம் வைத்திருந்தார். எதிரே சைக்கிள்காரர் வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாடை அவர்மேல் படாத பக்கமாக ஒதுங்கிப் போவார். அன்று அவர் பம்பால்தான் அப்பா காற்றடித்தார். வழித்துணையாக வீடுவரை கூடவும் வந்தார்.

அடுத்த வாரம் ராவுத்தர் கருவாடு கொண்டு வந்தபோது ஆத்தா மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். அவர் கூடையை இறக்கிவிட்டு முழித்தார்.

“என்னாங்கம்மா சொல்றீங்க? அந்த வாத்தியாருதான என்னைய அங்கிட்டு அனுப்புனாரு!”

“அவரா?”

“ஆமாங்க. மைல் கல்லுக்கு இங்கிட்டு சைக்கிளை உருட்டிக்கிட்டு வேகுவேகுன்னு நடந்து வந்தாரு. நான் எறங்கி, பஞ்சரான்னேன். இல்லே ராவுத்தரே, கண்மாய்க் கரையில ஒருத்தரு கவுத்துப்போட்டு நிக்கிறாரு, நான் வந்து சேர நேரமாகும், நீங்க முன்னால போங்கன்னாரு. நான் வந்துட்டேன்.”

“இத அன்னைக்கே இவரு கிட்டச் சொல்லப்படாதா?”

“எங்கம்மா சொல்ல விட்டாரு? அவரு யாரையோ வஞ்சு முடிக்கிறதுக்குள்ள உங்க வீடு வந்துருச்சு.”

சாயங்காலம் அப்பாவிடம் ஆத்தா சொன்னாள். அப்பா நம்பவில்லை. “காத்து இருக்குற சைக்கிளை வெச்சுக்கிட்டு எவனாவது நடப்பானா? ஏறி வந்தா எம்புட்டு நேரம்? ராவுத்தரு நல்ல மனுசன், சமாதானத்துக்குச் சொல்லியிருப்பாரு.”

அந்த ‘ஏறி வந்தா’ என்ற சொல் எனக்குள் எங்கேயோ இடறியது. கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. உரல். மைல் கல். அவர் ஒருநாளும் தரையிலிருந்து சைக்கிளில் ஏறி நான் பார்த்ததில்லை. தரையில் இறங்கியும் பார்த்ததில்லை.

எனக்கு எல்லாம் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. இத்தனை மாதமாக அவர் நின்றது என்னைப் பார்க்க இல்லை. பாதி வழியில் இறங்கி மூச்சு வாங்க அந்த உரலை விட்டால் வேறு கதியில்லாமல் நின்றிருக்கிறார். அந்த உரல்மேல் எனக்கு இன்றுவரை கொஞ்சம் கோபம் உண்டு.

கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, ஆத்தா தடுத்தும் கேளாமல், கூடத்துக்கு வந்து அப்பா முன்னால் நின்றேன். கல்யாணப் பேச்சில் பெண் வாய் திறக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

“அப்பா, அவுகளுக்கு சைக்கிள் விடத் தெரியும். ஏறத்தான் தெரியாது. கல்லு இருந்தாத்தான் ஏறுவாக, எறங்குவாக. கண்மாய்க் கரையில கல்லு இல்லே. அதான் மைல் கல்லுல எறங்கி நடந்து வந்திருக்காக.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சும்மாதான்

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அப்பா சொல்லி ஒரு விதமாகவும் வாத்தியார் சொல்லி ஒரு விதமாகவும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் கலந்து எழுதுகிறேன்.

காலையில் அப்பா வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பினார். எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு பொட்டல் உண்டு. அங்கே கல் கிடையாது, பாலம் கிடையாது, மேடுகூடக் கிடையாது. இரண்டு டயரிலும் கிண்ணென்று காற்று இருக்கிற சைக்கிளை அப்பா அந்தப் பொட்டலில் கவிழ்த்துப்போட்டு நின்றார்.

வாத்தியார் தூரத்தில் தெரிந்தார். மணி அடித்தார். அப்பா அசையவில்லை. கிட்டே வர வர நெட்டைச் சைக்கிள் ஆட ஆரம்பித்தது. பிறகு ரோட்டை விட்டு விலகி, நேரே ஓர் ஆவாரம் புதருக்குள் போய் விழுந்தது.

நெல்லு மூட்டை விழுவதுபோல் விழுந்தார் என்பது அப்பா கட்சி. முள் இல்லாத புதராகப் பார்த்துத்தான் இறங்கினேன் என்பது வாத்தியார் கட்சி. விழுந்த இடத்திலிருந்தே தலையை நீட்டி அவர் கேட்ட கேள்வியில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

“என்னங்க, பஞ்சருங்களா?”

“இல்லே தம்பி. சும்மாதான்” என்றார் அப்பா.

வாத்தியார் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். இரத்தம் கசிந்தது. ஹாண்டில்பாரை முறுக்கி நேராக்கினார். அப்பாவும் தம் சைக்கிளை நிமிர்த்தினார். இரண்டுபேரும் நின்றார்கள்.

“பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா? கெளம்புங்க” என்றார் அப்பா.

“நீங்க முன்னால போங்க. பெரியவங்க.”

“நான் மெதுவாப் போயிக்கிறேன். நீங்க ஏறுங்க.”

“இல்லீங்க, நான் இப்படியே உருட்டிக்கிட்டு… காலை வெயில் ஒடம்புக்கு நல்லதுங்க.”

வெயில் நல்லது என்று, அம்மைப்பாலுக்கு வெயிலே ஆகாத மனிதரிடம் சொல்கிறார்! அப்பா அந்தச் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். வாத்தியாருடைய அண்ணன் பினாங்குக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன சைக்கிள். அண்ணன் பனைமரம். சீட்டை அடிமட்டம்வரை இறக்கியும் தம்பியின் கால், பெடல் கீழே போகும்போது அதை விட்டுவிடும், மேலே வரும்போது பிடித்துக்கொள்ளும். யுத்த காலத்தில் வேறு சைக்கிளுக்கு எங்கே போவது?

அப்பா தம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். வாத்தியாருக்குப் பின்னால் போய், அவர் சைக்கிளின் கேரியரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

“ஏறுங்க, மாப்பிள்ளே.”

அந்தச் சொல் காதில் விழுந்ததும், ஏறிய வேகத்தில் அந்தப் பக்கம் விழப் பார்த்தேன் என்று வாத்தியார் சொல்வார். ஏறத் தெரியாது என்பதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் இத்தனை கலவரம் இல்லை. அதைச் சொல்வதைவிடக் கல்யாணம் நின்றுபோனாலும் பரவாயில்லை என்று இருந்தாராம். பிற்பாடு இதை என்னிடம் அவர் சொன்னபோது அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அன்று மாலை அப்பா வீடு வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். மட்கார்டைத் துடைத்தார். மணிக் கிண்ணத்தைத் தனியாகத் துடைத்தார். பிறகு, “ஆத்தா, தண்ணி கொண்டா” என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஓடினேன்.

இந்த விஷயம் அப்பா வாயிலிருந்து வெளியே யாருக்கும் போகவில்லை. வீட்டுக்குள்தான் அந்தப் புதர்க் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாலுபேர் முன்னால் மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து கிளம்ப வேண்டி வந்தால், “டயர்ல காத்து இருக்கா பார்ப்போம்” என்று குனிந்து பின்சக்கரத்தைத் தொடுகிற பாவனையில் கேரியரைப் பிடித்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை மேல் என்ன அக்கறை என்பார்கள்.

பிடி

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. வாத்தியார் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் கல்லும் இல்லை, உரலும் இல்லை. தினமும் காலையில் சைக்கிளை ரோட்டுக்கு உருட்டி வந்து, “பிடிக்கிறியா?” என்பார். நான் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்க் கேரியரைப் பிடிப்பேன். அவர் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்ததும் விடுவேன். திரும்பிப் பார்க்காமல் மணியை ஒரு தட்டுத் தட்டுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள், “புருசனை வழியனுப்ப ரோடு வரைக்கும் போறவளப் பாரு” என்று என்னைக் கேலி செய்வார்கள். நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன்.

சில வருஷம் இப்படி ஓடிற்று. ஒருநாள் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்காகப் பஸ்ஸில் பொன்னமராவதி போயிருந்தேன். கடைத்தெருவில் பஸ் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால், ஒரு கடை வாசலில் நம் வாத்தியார். பள்ளிக்கூடத்து வேலையாக வந்திருக்கிறார். யாரோடோ பேசி முடித்து, கும்பிடு போட்டுவிட்டு, அந்த நெட்டைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு ஓடினார். பின்சக்கர அச்சில் நீட்டியிருக்கிற குத்தியில் ஒரு கால் வைத்தார், ஒரு தாவு, சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி கூடக் கலையவில்லை. ரொம்ப நாள் பழகியவர் ஏறுகிற மாதிரி இருந்தது.

 எப்போது கற்றுக்கொண்டாரோ தெரியவில்லை.

மறுநாள் காலை சைக்கிளை உருட்டி வந்தார். ரோட்டில் நிறுத்தினார். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, எதுவும் அறியாத முகத்தோடு திரும்பினார்.

“பிடிக்கிறியா?”

கேட்டிருக்கலாம். ஊர் சிரிக்கக் கேலி செய்திருக்கலாம். எனக்கு வாய் ஒன்றும் குறைச்சலில்லை.  ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். உரலுக்காக நின்ற மனிதர் அன்று எனக்காக நின்றார். அவர் ஏறியதும் விட மனமில்லாமல், வழக்கத்தைவிடக் கொஞ்ச தூரம் கூடவே நடந்து பிறகு விட்டேன்.

வேலையிலிருந்து அவர் ஓய்வு பெறுகிறவரை பிடித்தேன். நான் பஸ்ஸிலிருந்து பார்த்ததைச் சொல்லவே இல்லை. இந்தப் பத்திரிகை வந்ததும் வீட்டில் முதலில் படிக்கிறவர் அவர்தான். அவருக்கு இன்றுதான் தெரியப்போகிறது. தெரியட்டும்.

இப்போது சைக்கிள் இல்லை. சாயங்காலத்தில் கோயில்வரை நடக்கிறார். வாசற்படி இறங்குமுன் நின்று கையை நீட்டுகிறார். மெய்யாகவே பிடிமானம் வேண்டியிருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.